தாத்தா வீட்டுல உடைஞ்ச மரச்சாமான் நெறைய கிடக்கு: ஈஸி சேர், ஊஞ்சல் பலகை, ஜன்னல், பத்தாயம். வீட்டுக்கு அழகா என்ன செய்யலாம்?

திருவையாறு பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். திருவையாத்துக்குப் பக்கத்துல எங்க தாத்தா வீடு இருக்கு, நாட்டு ஓடு போட்ட பழைய வீடு, கூடத்துக்கு மேல ஒரு பக்கம் கூரை இறங்கிடுச்சு. இனிமே மராமத்து பாத்தா கட்டுப்படியாகாதுன்னு பேசி முடிவாகி தை பொறந்ததும் பிரிக்கப் போறோம். உள்ள கிடக்குற சாமான்ல பாதி உடைஞ்சதுதான். ஒரு ஈஸி சேர், வலது கை தனியா வந்துடுச்சு. ஊஞ்சல் பலகை, சங்கிலி மாட்டுற ஓட்டையிலேருந்து நீளத்துக்கு வெடிச்சிருக்கு. பிரம்பு பின்னின நாற்காலி ரெண்டு, உக்கார்ற இடம் கிழிஞ்சு தொங்குது. பச்சை பெயிண்ட் அடிச்ச நாலு கதவு ஜன்னல், உள்ள இரும்புக் கம்பி. கால் போன மர பீரோவோட இழுப்பறைங்க. அப்புறம் நெல்லு கொட்டி வைக்கிற பத்தாயம், மேல் அடுக்கு செல்லரிச்சுப் போச்சு, கீழ மூணு அடுக்கு நல்லா இருக்க மாதிரிதான் தெரியுது. உத்தரம், கை மரம்னு கூரை மரமும் இருக்கு.

பழைய சாமான் வாங்குறவர் ஒருத்தர் டெம்போவோட வந்து எல்லாத்துக்கும் சேத்து ஒரே ரேட்டு சொல்லிட்டுப் போயிருக்கார். எனக்குக் குடுக்க மனசு வரலை. தஞ்சாவூர்ல எங்க வீடு சின்னது, ரெண்டு பெட்ரூம்தான், எல்லாத்தையும் அப்படியே கொண்டுவந்து வைக்கவும் முடியாது. அண்ணன் திருச்சியில இருக்கான், தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கா, அவங்களுக்கும் ஏதாவது ஒண்ணு வேணுமாம். வீடியோல பாத்தா எல்லாத்துக்கும் வெள்ளை பெயிண்ட் அடிச்சு ஓரத்துல தேய்ச்சு விடுறாங்க, எனக்கு அது அவ்வளவா பிடிக்கலை. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்களேன்.

ஆசாரி வீட்டுப் பிள்ளை

தங்கச்சி, அந்த டெம்போக்காரர்கிட்ட இப்போதைக்கு சரின்னு சொல்லிடாதீங்க. மொத்தமா ரேட்டு பேசுறவங்க ஊஞ்சல் பலகையையும் பித்தளைச் சங்கிலியையும் மனசுல வச்சுக்கிட்டு மிச்சமெல்லாம் விறகுதானேன்னு சொல்லித்தான் விலையை இறக்குவாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு நடை நடந்து பாருங்க, இதே மாதிரி வீட்டு சாமானுக்குன்னே வரிசையா கடை இருக்கு, உங்க வீட்டுல கிடக்குறது என்ன விலைக்குப் போகும்னு அங்க தெரிஞ்சுடும்.

நாங்க தலைமுறையா தச்சு வேலை. அப்பா பட்டறையிலதான் நான் வளர்ந்தேன், அதனால உரிமையோட ஒண்ணு சொல்றேன். உடைஞ்சதுன்னு நாம தூக்கிப் போடுற சாமான்ல பாதிக்கு மேல மரம் உடைஞ்சிருக்காது, ஜாயிண்ட் விட்டிருக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்து வேலையில கட்டை முனையை ஒடுக்கி கழுந்து எடுத்து துளைக்குள்ள இறக்கி மூங்கில் ஆணி அடிச்சு வஜ்ஜிரம் போட்டிருப்பாங்க. வஜ்ஜிரம் தோலைக் காய்ச்சி எடுக்குற பசை, ஈரமும் சூடும் பட்டா இளகும். ஒழுகுற வீட்டுல வருஷக்கணக்கா கிடந்தா அது விட்டுத்தான் போகும், ஆனா அதுதான் நமக்கு வசதியும் கூட. சுடுதண்ணியில துணியை நனைச்சு ஜாயிண்ட் மேல சுத்தி வச்சு கொஞ்ச நேரம் கழிச்சு கொட்டாப்புளி, அதான் மரச்சுத்தியலால பதமா தட்டினா சேதாரம் இல்லாம கழண்டு வரும். பழைய பசையை உளியால சுத்தமா சுரண்டிட்டு அப்புறம் புதுப் பசை போடுங்க, பழசு மேலயே ஃபெவிகால் ஊத்தினா பிடிக்காது. கிளாம்ப் இல்லேன்னா கவலைப்படாதீங்க, கயித்தை ரெண்டு சுத்து சுத்தி நடுவுல ஒரு குச்சியை விட்டு முறுக்கி ராத்திரி பூரா விட்டுடுங்க, நல்லா இறுகிடும். எம்-சீல் மாதிரி எபாக்ஸியை மட்டும் ஜாயிண்ட்டுக்குள்ள அடைச்சுடாதீங்க, அடுத்த தலைமுறையில யாராவது ரிப்பேர் பாக்கணும்னு கழட்டினா மரம்தான் பிய்யும்.

ஈஸி சேருக்கு இது போதும், கை தனியா வந்திருக்குன்னா கழுந்து முழுசா இருக்கான்னு பாருங்க. முழுசா இருந்தா ஒரு நாள் வேலை. துணிக்கு நல்ல கேன்வாஸ் போடலாம், எனக்குக் கேட்டா பவானி ஜமுக்காளத்தை அளவா வெட்டி மடிச்சுத் தைச்சுப் போடுங்க, கோடு கோடா பாக்கவும் லட்சணமா இருக்கும், ஆளையும் தாங்கும். ஈஸி சேர் திரும்ப ஈஸி சேரா நிக்கணும், அதை விட வீட்டுக்கு வேற அலங்காரம் என்ன வேணும் சொல்லுங்க. தன் வேலையைத் திரும்ப செய்யவே முடியாதுன்னு ஆன சாமானை மட்டும் வேற ஒண்ணா மாத்துங்க.

குடந்தை கொலு

ஏம்மா, எனக்கு உன் லிஸ்ட்டைப் படிச்சதும் கை பரபரன்னு வந்துடுச்சு. இழுப்பறைங்களை விட்டுடாதே. அப்படியே நிமித்தி செவுத்துல மாட்டினா குட்டி ஷெல்ஃப், நடுவுல ஒரு பலகை குறுக்க வச்சா ரெண்டு தட்டு. எங்க வீட்டு சமையல்கட்டுல அஞ்சறைப்பெட்டி, டபரா செட்டு எல்லாம் அதுலதான் இருக்கு, பித்தளைக் கைப்பிடியை கழட்டாம பக்கவாட்டுல மாத்தி வச்சேன், கரண்டி மாட்ட ஆச்சு.

பரண்ல மணைப்பலகை கிடந்தா அதையும் எடுத்துக்கோ. நாலு கொக்கி போட்டா சாவி மாட்டி, படுக்க வச்சா குத்துவிளக்குக்கு அடியில வைக்க பீடம். கட்டில் பலகை ஏதாவது இருந்தா கொலுப்படிக்கு ஆகும், எங்க வீட்டுல ஏழு படியும் மாமியார் கட்டில் பலகையும் பழைய ரேக் சட்டமும்தான், வருஷம் பூரா அதையே கழட்டி கட்டிலுக்கு அடியில வச்சுடுவோம். இரும்பு மடக்குப் படி வாங்கின வீடுகள்ல பொம்மை வைக்கும்போது ஒரு ஆட்டம் இருக்கும், கனமான பலகையில அது கிடையாது.

ஜன்னலை கண்ணாடியா மாத்து. கதவுகளை அப்படியே திறந்து மூடுற மாதிரி வச்சுட்டு பின்னாடி முகம் பாக்குற கண்ணாடி. கூடத்துல மாட்டினா செவுத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ரூம் இருக்க மாதிரி இருக்கும், சின்ன வீடுன்னே தோணாது.

மன்னை மைந்தன்

கண்ணாடி வைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ஹார்ட்வேர் கடையில குடுக்குற சாதாரண சிலிக்கான், புளிச்ச காடி வாடை அடிக்குமே அதைப் பின்பக்கம் தடவினா கண்ணாடியோட ரசத்தை அரிச்சு கறுப்பு கறுப்பா புள்ளி விழும். நியூட்ரல் சிலிக்கான்னு கேட்டு வாங்குங்க. அப்புறம் அந்த ஜன்னல் சட்டம், கம்பி, கண்ணாடி எல்லாம் சேந்து ரெண்டு ஆளு தூக்குற கனம் வரும், அதை ஆணியில மாட்டாதீங்க, கீழ ஒரு மரச்சட்டம் செவுத்துல போல்ட் போட்டு அது மேல உக்கார வச்சு மேல ரெண்டு இடத்துல பிடிச்சு விடுங்க.

பெயிண்ட் விஷயத்துல நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோச்சுக்காதீங்க. எல்லார் வீட்டுலயும் தேக்கு இல்லை. எங்க வீட்டுல இருந்தது பூரா சாதா மரம், பிளைவுட், சன்மைக்கா பேந்த மேஜை. வாடகை வீட்டுல இருக்கேன், பாலிஷ்காரரைக் கூப்பிட்டு செலவு பண்ண வசதி கிடையாது, பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சு பொண்ணுக்கு படிக்கிற மேஜையா மாத்தினேன், அவ சந்தோஷமா உக்காந்து படிக்கிறா. பெயிண்ட் அடிச்சாலே ஏதோ பாவம் பண்ணின மாதிரி சில பேர் எழுதுறது எனக்கு சரியாப் படலை.

ஆசாரி வீட்டுப் பிள்ளை

அண்ணே, நீங்க சொல்றது முழுக்க நியாயம். வைரம் ஏறாத வெளிறு மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் பெயிண்ட்தான் காப்பு, அதுக்கு பாலிஷ் போட்டா காசுதான் தண்டம். நான் கேட்டுக்குறது எது என்ன மரம்னு தெரிஞ்சுக்கிட்டு பெயிண்ட் டப்பாவைத் திறங்கன்னு மட்டும்தான்.

தங்கச்சி, பாக்குற விதம் சுலபம். சாமானோட அடிப்பக்கம் யார் கண்ணுக்கும் படாத இடத்துல உளியால ஒரு சீவு சீவுங்க. தேக்குன்னா அதுக்குன்னு ஒரு வாசனை வரும், விரல் வச்சா லேசா எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். பலா வெட்டின புதுசுல மஞ்சளா இருக்கும், நாளாக நாளாக பழுப்புக்குப் போயிடும், அதனால மேல பழுப்பா இருந்து சீவின இடம் மஞ்சளா இருந்தா பலான்னு வச்சுக்கலாம். பூவரசு நல்ல கறுஞ்சிவப்பு. சட்டத்தோட ஒரு ஓரம் வெளுத்து பொடி உதிர்ந்து நடுப்பாகம் கல்லு மாதிரி இருந்தா பயப்படாதீங்க, உளுத்தது வெளிறு, உள்ள இருக்குறது வைரம் பாஞ்ச கட்டை, ஓரத்தை மட்டும் இழைச்சு எடுத்துட்டா மிச்சம் இன்னொரு தலைமுறைக்கு வரும்.

நாகை டீச்சர்

அந்தப் பச்சை பெயிண்ட் ஜன்னல்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியலை. பிள்ளைங்க இருக்குற வீடா இருந்தா இதை கவனமாப் படிங்க. நம்ம நாட்டுல வீட்டு உபயோக பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி வந்தது 2016ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட், அதுலயும் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பளிச்னு இருக்குற ஆயில் பெயிண்ட்ல ஈயம் இருக்குன்னே வச்சுக்கிட்டு வேலை செய்யணும். உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டு தேய்ச்சீங்கன்னா அந்தத் தூசி பூரா மூச்சுல போகும், தரையில படிஞ்சு தவழுற குழந்தை கையில ஒட்டி வாய்க்குப் போகும். சின்னப் பிள்ளைங்க மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், எவ்வளவு கொஞ்சமா போனாலும் பாதுகாப்புன்னு சொல்ல ஒரு அளவே கிடையாது.

அதனால வெளியில, பிள்ளைங்க இல்லாத நேரத்துல, கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, தண்ணி தெளிச்சு தெளிச்சு ஈரமாவே சுரண்டுங்க, தண்ணி தாங்குற உப்புத்தாள் தனியா கிடைக்கும். மூக்குக்கு வெறும் துணி போதாது, என்95 மாஸ்க் போடுங்க. புளோ லாம்ப் வச்சு கருக்கி எடுக்குறது கூடவே கூடாது, ஈயம் ஆவியா கிளம்பும். சுரண்டினதை ஷீட்டோட சுருட்டிக் கட்டி தனியா குப்பையில போடுங்க, கொல்லையில கீரைப் பாத்தி பக்கம் கொட்டிடாதீங்க. போட்டிருந்த துணியையும் தனியா அலசுங்க. பெயிண்ட் உதிராம கெட்டியா ஒட்டிக்கிட்டு இருந்தா சுரண்டாமலே மேல ரெண்டு கோட்டு வார்னிஷ் குடுத்து அந்தப் பழைய பச்சையை அப்படியே வச்சுக்கலாம், அதுவும் அழகுதான்.

ஆசாரி வீட்டுப் பிள்ளை

டீச்சரம்மா சொன்னதோட ஒண்ணு. காஸ்டிக் சோடா தண்ணியில ஊறப்போட்டா பெயிண்ட் தானா கழண்டுடும்னு சில பேர் சொல்வாங்க, கழலும், கூடவே மரமும் கறுத்து ஜாயிண்ட்டும் விட்டுப் போகும். வேணாம்.

கொள்ளிடக்கரை

அக்கா, பிரம்பு நாற்காலிக்கு நான் சொல்றேன். சீர்காழியிலேருந்து சிதம்பரம் போற ரோட்டுல கொள்ளிடத்துக்கு முன்னாடி தைக்கால்னு ஊரு, ரோட்டோரமா பிரம்புக் கடைங்க இருக்கும், பஸ்ஸுல போறப்பவே கண்ணுல படும். பரம்பரையா பிரம்பு வேலையும் பாய் வேலையும் செய்யுற ஊரு. நாற்காலியை அப்படியே எடுத்துட்டுப் போய் காட்டுங்க. சட்டத்தோட ஓரத்துல சுத்தி சின்னச் சின்ன துளையா இருந்தா அது கையால பின்னினது, ஒவ்வொரு இழையா துளைக்குள்ள விட்டு பின்னணும், கூலி அதிகம், ஆனா உழைப்பும் அதிகம். துளை இல்லாம ஓரத்துல ஒரு பள்ளம் மட்டும் ஓடினா ரெடிமேடா பின்னின பிரம்பு ஷீட்டை வச்சு பள்ளத்துல குச்சி அடிச்சு இறுக்கினது, அது நாமளே வீட்டுல மாத்திக்கலாம், ஷீட்டை தண்ணியில ஊறவச்சு ஈரத்தோட அடிக்கணும், காயும்போது தானா இழுத்துப் பிடிச்சுக்கும்.

கிழியாம தொய்ஞ்சு மட்டும் போன பின்னலா இருந்தா புதுசே வேணாம். நாற்காலியைக் கவுத்துப் போட்டு அடிப்பக்கமா ஈரத்துணியைப் போட்டு நல்லா நனைய விடுங்க. பிரம்புக்கு மேல்பக்கம் பளபளன்னு தோல் இருக்கும், தண்ணி இழுக்காது, அடிப்பக்கம்தான் இழுக்கும். நனைஞ்சதும் நிழல்ல காயவைங்க, யாரும் உக்காரக்கூடாது, மறுநாள் பாத்தா தட்டினா சத்தம் வர்ற அளவுக்கு இறுகியிருக்கும். எங்க அம்மாச்சி வருஷா வருஷம் கோடையில செய்வாங்க.

ரெண்டு நாற்காலில ஒண்ணு தேறலேன்னா முதுகுப் பக்கத்து பின்னல் சட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து செவுத்துல மாட்டுங்க, பின்னாடி ஒரு பல்பு போட்டா செவுரு பூரா கட்டம் கட்டமா நிழல் விழும். பீரோ கதவுல நடுப் பலகை போயிருந்தாலும் அந்த இடத்துல பிரம்பு ஷீட் அடிக்கலாம், துணிக்கு காத்தும் போகும், மழைக்காலத்து பூஞ்சை வாடை வராது.

திருவையாறு பொண்ணு

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்லை, ரொம்ப நன்றிங்க. நேத்து போய் ஆசாரி அண்ணன் சொன்ன மாதிரி சீவிப் பாத்தேன். ஈஸி சேர் தேக்கு, கழுந்தும் முழுசா இருக்கு. பத்தாயம் சீவின இடம் மஞ்சளா இருக்கு, பலாதான் போல. ஊஞ்சல் பலகையில அடிப்பக்கம் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை ஓட்டையா இருக்கு, தட்டினா மாவு மாதிரி கொட்டுது. இது கரையானா? வீட்டுக்குள்ள கொண்டு வந்தா மத்த சாமானுக்கும் பரவுமா? அதை ஊஞ்சலாவே மாட்டணும்னு அண்ணன் ஒத்தைக் கால்ல நிக்கிறான்.

ஆசாரி வீட்டுப் பிள்ளை

கரையான் இல்லை தங்கச்சி, கரையான்னா மண்ணுப் புத்து வழி தெரியும். இது உளு வண்டு. புழு உள்ளேயே தின்னுட்டு வண்டாகி வெளிய வர்ற வழிதான் அந்த ஓட்டை. ஓட்டை இருக்குறதால வண்டு இப்பவும் இருக்குன்னு அர்த்தம் இல்லை, போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கலாம். நல்லா தட்டி துடைச்சுட்டு அடியில ஒரு கறுப்புத் தாளை விரிச்சு வச்சுப் பாருங்க, புதுசா மாவு விழுந்தா உயிரோட இருக்கு. அப்படி இருந்தா வெங்காரமும் போரிக் ஆசிட்டும் சுடுதண்ணியில கரைச்சு பாலிஷ் இல்லாத பக்கம் பூரா பிரஷ்ஷால ரெண்டு மூணு தடவை ஊற ஊற தடவுங்க, பாலிஷ் இருக்குற பக்கம் இழுக்காது, அதனால தேய்ச்சு எடுத்துட்டுத் தடவணும். ஓட்டைக்குள்ள ஊசி சிரிஞ்ச்சால விட்டா இன்னும் நல்லது. கையுறை போட்டுக்கங்க. மாவு விழுறது நிக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ள கொண்டு வராம தாழ்வாரத்துலயே கிடக்கட்டும்.

ஊஞ்சலா மாட்டுறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். வெடிப்பு சங்கிலி ஓட்டையிலேருந்து கிளம்பியிருக்கு, பாரம் பூரா விழுற இடமே அதுதான். ஆடும்போது வர்ற இழுவை சும்மா உக்கார்றதை விட அதிகம். போதாததுக்கு உங்க தஞ்சாவூர் வீடு கான்கிரீட் தளம், தளம் போடும்போதே கம்பியோட சேத்து கொக்கி விட்டிருந்தா சரி, இப்போ துளை போட்டு போல்ட் அடிக்கிறதா இருந்தா இன்ஜினியர் ஒருத்தர் பாக்காம கூடாது. அண்ணன்கிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டுங்க.

அதே பலகையை பெஞ்சா ஆக்கிடுங்க. வெடிப்புக்குக் குறுக்க அடிப்பக்கமா உடுக்கை ஷேப்புல சின்னக் கட்டை, ரெண்டு பக்கம் அகண்டு நடுவுல ஒடுங்கி இருக்கும், அதை அளவா பள்ளம் எடுத்து இறக்கி பசை போட்டா வெடிப்பு மேல போகாது. மேல வெடிப்பை அப்படியே தெரிய விடுங்க, பட்டி வச்சு மறைக்காதீங்க. கால் புதுசா செய்ய வேண்டாம், உடைஞ்ச கட்டில் கடைசல் கால் கிடைச்சா நாலு எடுத்துப் பொருத்துங்க. சங்கிலியைத் தனியா புளி போட்டு விளக்கி விளக்கு மாட்டிக்கலாம், இல்லேன்னா பூந்தொட்டி.

பட்டுக்கோட்டை தென்னந்தோப்பு

பெஞ்ச் பத்தி பேச்சு வந்ததால எழுதுறேன். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்போ எங்க பக்கம் தென்னை, மா, பலான்னு விழாத தோப்பு கிடையாது. வந்த விலைக்கு வித்தவங்கதான் அதிகம், மிச்சத்துக்கு நாங்க மாமரக் கட்டையை அறுத்து அடுக்கி வச்சோம், அதுலதான் இன்னிக்கு திண்ணையில பெஞ்ச் கிடக்கு. உடைஞ்ச சாமானுக்கு கால், சட்டம்னு ஒட்டுப் போட தென்னங்கட்டை எடுக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வயசான மரத்தோட அடித்தூர்ல வெளிச்சுத்து மட்டும் எடுங்க, இரும்பா இருக்கும். நடுவுல போகப் போக சோறு, ஆணி கூட நிக்காது. மண்ணுல படாம வைக்கணும், ஈரம் பட்டா சீக்கிரம் போயிடும்.

நாகை டீச்சர்

கடலோரக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்க உப்புக்காத்துக்கு இரும்பு ஸ்க்ரூ ரெண்டு மழைக்குத் தாங்காது, துருப்பிடிச்சு மரத்துல கறுப்பா கறை இறங்கும். பித்தளை ஸ்க்ரூ போடுங்க. பித்தளை மெதுசு, வைரம் பாஞ்ச கட்டையில நேரா ஏத்தினா தலை திருகிக்கும், முதல்ல அதே சைஸ் இரும்பு ஸ்க்ரூவை ஏத்தி இறக்கி வழி பண்ணிட்டு அப்புறம் பித்தளையைப் போடுங்க.

சிங்கப்பூர் தஞ்சாவூரான்

பத்தாயம்னு படிச்சதும் நின்னுட்டேன். எங்க வீட்டுல இருந்தது இப்போ இல்லை, யாரோ எங்கேயோ ஓட்டல் அலங்காரத்துக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. சகோதரி, பத்தாயத்தை அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அது ஒரே பெட்டி கிடையாது, அடுக்கு அடுக்கா ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற சட்டம்தான், வாசல் வழியா நுழையணும்னுதான் அப்படிச் செஞ்சாங்க. மூணு அடுக்கு நல்லா இருக்குன்னு சொல்றீங்க, நீங்க மூணு பேர். ஆளுக்கு ஒரு அடுக்கு. அடியும் மேலயும் பலகை போட்டா ஒண்ணு சோபா முன்னாடி டீப்பாய் ஆகும், உள்ள போர்வை, தலகாணி வச்சுக்கலாம். ஒண்ணை சாய்ச்சு நிறுத்தினா புஸ்தக அலமாரி. நெல்லு எடுக்குற சின்னக் கதவு இருக்குற அடி அடுக்கை யாராவது பூஜை மாடமா வச்சுக்குங்க, அந்தக் கதவையும் அதோட இரும்புத் தாழ்ப்பாளையும் எண்ணெய் போட்டுத் துடைச்சாலே போதும், வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.

குடந்தை கொலு

இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க! செல்லரிச்ச மேல் அடுக்குலயும் நல்ல துண்டு தேறும். பலாப்பலகைன்னா தஞ்சாவூர் ஓவியம் பழகுறவங்க யாராவது இருந்தா குடுங்க. அந்தக் காலத்துல பலாப்பலகையில துணி ஒட்டி சுண்ணப்பொடியும் பசையும் பூசித்தான் படம் போடுவாங்க, இப்போ எல்லாரும் பிளைவுட்டுக்கு மாறிட்டாங்க. பல வருஷம் காஞ்ச பலகைங்கறதால இனிமே அவ்வளவா வளையாது, அவங்களுக்கு அது பொக்கிஷம். தாத்தா பத்தாயத்துப் பலகையில வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனை ஒருத்தர் வரைஞ்சு குடுத்தா உங்க வீட்டுக் கூடத்துக்கு வேற படமே வேணாம்.

திருவையாறு பொண்ணு

ஆளுக்கு ஒரு அடுக்குன்னு குடும்ப குரூப்புல போட்டேன், தங்கச்சி போன் பண்ணி அழுதுட்டா. அவளோட அடுக்கு இப்போதைக்கு என் வீட்டுலயே இருக்கும், ஊருக்கு வந்து பாத்துக்கட்டும். அண்ணனும் பெஞ்சுக்கு சம்மதிச்சுட்டான். பாலிஷ் எப்போ போடுறதுன்னு சொல்லுங்க, இப்பவே ஆரம்பிச்சுடலாமா?

ஆசாரி வீட்டுப் பிள்ளை

ஐப்பசி, கார்த்திகையில பாலிஷ் வேணவே வேணாம். ஸ்பிரிட்டுல சப்படாங்கற அரக்கைக் கரைச்சுப் போடுற பாலிஷ் காத்துல ஈரம் இருந்தா பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். இப்போ கழட்டுறது, சுரண்டுறது, ஒட்டுறது எல்லாம் முடிச்சு நிழல்ல அடுக்கி வைங்க, மாசிக்கு மேல வெயில் ஏறினதும் பாலிஷ் போடலாம்.

பழைய பாலிஷ் எதுன்னு தெரியணுமா, பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சு ஒரு மூலையில வச்சு எடுங்க. பிசுபிசுன்னு ஒட்டினா சப்படா பாலிஷ், முழுசா சுரண்ட வேண்டியதில்லை, ஸ்பிரிட்டால துடைச்சு அதே மேல புது கோட்டு ஏத்தலாம், அது கீழ இருக்குறதோட கலந்துக்கும். ஒரே ஒரு குறை, சூடா டம்ளர் வச்சா வட்டமா வெள்ளைத் தடம் விழும். காபி வைக்கிற டீப்பாய்க்கு வேற, பி.யூ. (பாலியூரிதேன்) கோட்டிங் போட்டுக்கங்க. ஈஸி சேர், பீரோ, பூஜை மாடத்துக்கு சப்படாவை விட அழகு கிடையாது, அரக்குதானே அது, தேக்கு ரேகை உள்ளேருந்து ஒளி விடுற மாதிரி தெரியும்.

இன்னொரு முக்கியமான விஷயம், கூரை மரத்தைப் பத்தி நீங்க யாரும் பேசலை. உத்தரத்துல கறுஞ்சிவப்பா, தூக்கவே முடியாத கனத்துல ஏதாவது இருந்தா அதை ஷெல்ஃபுக்கு அறுத்துடாதீங்க. ஆச்சா மரமா இருக்கலாம். ஆடுதுறை, குத்தாலம் பக்கத்துல நரசிங்கம்பேட்டையில நாதஸ்வரம் செய்யுறாங்களே, 2022ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது, அவங்க பழைய வீடு பிரிக்கும்போது வர்ற ஆச்சா மரத்தைத்தான் தேடித் தேடி வாங்குவாங்க. பல வருஷம் காஞ்ச மரத்துலதான் அந்த நாதம் வரும், பச்சை மரம் கடைஞ்சா வெடிக்கும். நம்ம கையில அது ஒரு பலகை, அவங்க கையில போனா கோயில் வாசல்ல ஊதும்.

திருவையாறு பொண்ணு

படிச்சதும் உடனே போய்ப் பாத்துட்டு வந்தேன் அண்ணே. ஒரு உத்தரம் நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, ரெண்டு பேர் சேந்து ஒரு முனையைத் தூக்கவே திணறினோம். அதுல கை வைக்க வேண்டாம்னு பிரிக்கிற மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். நான் ஆடுதுறைக்கு ஒரு வளைகாப்புக்குப் போறேன், முனையில ஒரு துண்டு எடுத்துட்டுப் போய் அவங்ககிட்டயே காட்டிக் கேக்குறேன். அவங்களுக்கு ஆகும்னா விலையெல்லாம் பேச மாட்டோம், அப்பாவும் அதையேதான் சொன்னார்.

கடைசியா ஒரு சந்தேகம். உளு ஓட்டையும் ஆணி ஓட்டையும் அடைக்க மரத்தூள்ல ஃபெவிகால் கலந்து வைக்கலாமா? வீடியோல அப்படித்தான் செய்யுறாங்க.

ஆசாரி வீட்டுப் பிள்ளை

அடைச்சா நிக்கும், ஆனா காஞ்சதும் அந்த இடம் மட்டும் கறுப்பா திட்டுத் திட்டா தெரியும், ஃபெவிகால் பட்ட இடத்துல பாலிஷ் ஏறாது. அதே மரத்தை இழைச்ச தூளை சல்லடையில சலிச்சு, கெட்டியா கரைச்ச சப்படாவுல குழைச்சு அடைங்க, அது பாலிஷை இழுத்துக்கும், நிறமும் ஒட்டிப் போகும். ஓட்டைக்கு மேல கொஞ்சம் கூடுதலாவே வச்சு விடுங்க, காயும்போது இறங்கும், அப்புறம் தேய்ச்சு மட்டம் பண்ணிக்கலாம். பலாவுக்கு பலாத் தூள், தேக்குக்கு தேக்குத் தூள், தனித்தனி டப்பாவுல இப்பவே எடுத்து வச்சுக்கங்க.